வேகம் இலவசம்

மயில்சாமியைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆபீசில் இருக்கும் நாலு பேருக்கும் தினமும் கீழ்த்தளத்துப் பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் தன் கையாலேயே வாங்கி வந்து கொடுக்கிற மனுஷர். ஆனால் கண்ணால் பார்த்துக் கையால் தடவ முடியாத பொருளுக்குக் காசு கொடு என்றால் மட்டும் அவருக்கு முகம் சுண்டிவிடும். நூல் வாங்கினால் மூட்டையாக வந்து இறங்குகிறது. கோழித் தீவனமும் அப்படித்தான். சாஃப்ட்வேர் வாங்கினால் என்ன வந்து இறங்குகிறது? ஒரு மெயில். அதற்குப் போய் யாராவது பணம் கட்டுவார்களா என்பது அவருடைய கேள்வி.

பல்லடத்தில் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவர். பெங்களூரில் இருக்கும் மருமகன் பேச்சைக் கேட்டு, பீளமேட்டில் பேக்கரிக்கு மேல்மாடியைப் பிடித்து ‘மயில் டேட்டா சர்வீசஸ்’ என்று போர்டு மாட்டினார். பழைய புத்தகங்களையும் கோப்புகளையும் எங்கிருந்தோ படம் பிடித்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இங்கிலீஷில் டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தொழில் அவ்வளவுதான். தறிகளை மச்சினன் பார்த்துக்கொண்டான். கம்ப்யூட்டர்களை மயில்சாமி பார்த்துக்கொண்டார், தறியைப் பார்க்கிற அதே கண்ணோடு.

ஒரு சனிக்கிழமை அவர் அங்கே வேலை பார்க்கும் சஃபியாவின் மேசைக்கு வந்து நின்றார். புதிதாக ஒரு பெரிய கம்பெனி வேலை தரப்போகிறதாம். அதற்கு முன்னால் ஆட்களுடைய டைப்பிங் வேகம் என்ன, துல்லியம் என்ன என்று கேட்டிருக்கிறார்களாம்.

“ஏனம்மணி, டைப்படிக்கற வேகத்த அளக்கறதுக்குக் கம்ப்யூட்டர்லயே ஏதோ இருக்குதாமா?”

“இருக்குதுங்க சார். நெறைய இருக்குதுங்க.”

“அதுல சும்மா கெடைக்கறதாப் பாத்து ஒண்ண எறக்கிப்போடுங்க. காசுன்னா வேண்டவே வேண்டாம். எல்லாருக்கும் டெஸ்ட் வெப்போம். யாரு முன்னாடி வாராங்களோ அவிங்கதான் இனி டீம் லீடரு.” கிளம்பப் போனவர் திரும்பிச் சிரித்தார். “நீங்கதான் வருவீங்க, எனக்குத் தெரியாதா? ஹையர் முடிச்ச கையாச்சே.”

சஃபியா டைப்ரைட்டிங்கில் ஹையரும் முடிக்கவில்லை, லோயரும் முடிக்கவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பின் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை. வேலைக்குச் சேர வந்த அன்று மயில்சாமி, “டைப்பிங் தெரியுமாம்மணி?” என்று கேட்டார். “தெரியுங்க” என்றாள். அது பொய்யும் இல்லை. வலது கையில் ஒரு விரல், இடது கையில் ஒரு விரல், எழுத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினால் விழத்தானே செய்கிறது. ஹையர் என்ற பட்டத்தைக் கொடுத்தது மயில்சாமியேதான். யாரோ விருந்தாளியிடம், “இந்தப் பொண்ணு ஹையர் பாஸுங்க” என்று பெருமையாக அறிமுகம் செய்தார். முதலாளி நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லும்போது, இல்லைங்க என்று முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் பழக்கம் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொன்னால் அவருக்குச் சங்கடம். ஒரு மாசம் கழித்துச் சொன்னால் பைத்தியக்காரத்தனம். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இத்தனை நாள் மாட்டாமல் போனதற்குக் காரணம் அவளுடைய வேலை. மற்றவர்கள் அடித்ததைப் படத்தோடு வைத்து ஒத்துப் பார்ப்பாள். தப்பாக விழுந்த எழுத்தைத் திருத்துவாள். வேலை கொடுக்கிறவர்களோடு போனில் பேசுவாள். ஒரு எழுத்தைத் திருத்த இரண்டு விரலே தாராளம். வேலையில் அவள் கெட்டிக்காரிதான், அதில் சந்தேகம் இல்லை. அவளுக்குத் தெரியாத ஒரே விஷயம் அந்த ஆபீசின் தொழில்.

டீம் லீடர் என்ற வார்த்தையை அவள் மனசு விடுவதாக இல்லை. அவள் குடியிருக்கும் கரும்புக்கடைப் பகுதியில் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில், “நீ அங்க என்னவா இருக்கே?” என்று கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணவன் ஷாஹுலின் தம்பி பெண்டாட்டி ஒரு துணிக்கடையில் ஃப்ளோர் மேனேஜர். அதை அவள் சொல்லும் தோரணையைப் பார்த்தால் கடையே அவளுடையது போல இருக்கும். சஃபியாவுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது. இந்த டெஸ்டில் தோற்றால் அந்தப் பெயர் போவதோடு நிற்காது. ஒன்பது வருஷத்து மானமும் சேர்ந்து போகும்.

ஞாயிற்றுக்கிழமை, ஷாஹுல் பிரியாணி தின்றுவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்ததும், மகள் மிஸ்பாவின் லேப்டாப்பை எடுத்துவைத்துக்கொண்டு தேட உட்கார்ந்தாள். உலகத்தில் இத்தனை பேர் டைப்பிங் வேகத்தைச் சும்மா அளந்து கொடுக்கக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முதலில் இறக்கியது, வேகத்தை அளப்பதற்கு முன்னால் கூடவே இன்னும் மூன்று சாமான்களை லேப்டாப்பில் இறக்கிவைத்தது. இரண்டாவது, முழுக்க முழுக்க இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு நம்பர் கேட்டது. மூன்றாவது ஒரு விளையாட்டு. கடலுக்குள் ஒரு மீன் நீந்தும், பின்னாலேயே சுறா வரும், வார்த்தையை அடித்து முடித்தால் மீன் தப்பிக்கும். அவளுடைய மீன் ஒரு வார்த்தையைக்கூடத் தாண்டவில்லை.

நாலாவதாகக் கிடைத்தது நாணயமான சாஃப்ட்வேர். விளம்பரம் இல்லை, கார்டு கேட்கவில்லை. ஒரு பத்தியைக் கொடுத்தது, அடிக்கச் சொன்னது, கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னது: நிமிஷத்துக்கு இருபது வார்த்தை. சஃபியா அதை உடனே அழித்துவிட்டாள். நல்லவர்களை வீட்டில் வைத்துக்கொள்ள எல்லாராலும் முடிகிறதா என்ன.

ஐந்தாவதைத் திறக்கும்போது பொறுமை போயிருந்தது. இரண்டு வரி அடித்தாள், எழுத்துகள் கண்ணாமூச்சி ஆடின, எரிச்சலில் பத்து விரலையும் கீபோர்டில் போட்டு மனசு ஆறும் வரை கொட்டினாள். நேரம் முடிந்தது. திரையில் பெரிதாக ஒரு எண் வந்தது: எண்பத்து மூன்று.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் அதேபோலக் கொட்டினாள். எண்பத்து எட்டு. விஷயம் இதுதான்: எந்த எழுத்தாக இருந்தாலும் ஐந்து தட்டு தட்டினால் ஒரு வார்த்தை என்று கணக்கு வைத்துக்கொள்கிற சாஃப்ட்வேர் அது. சரியாக அடித்தாயா தப்பாக அடித்தாயா என்று அது கேட்பதில்லை. அதையெல்லாம் தெரிந்துகொள்ளும் இடத்தில் ‘துல்லியம்’ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் போட்டிருந்தது. பூட்டைத் திறக்கத்தான் காசு. அடித்த எழுத்துகளைக்கூட ஒரு வரிக்கு மேல் காட்டவில்லை, அடிக்க அடிக்க மறைந்துகொண்டே போனது.

“அல்லாஹ் கண்ணைத் தொறந்துட்டான்” என்று சஃபியா வாய்விட்டே சொன்னாள்.

திங்கட்கிழமை மயில்சாமியிடம் பூட்டைக் காட்டி, “துல்லியம் பாக்கணும்னா காசு கட்டோணும்ங்க சார்” என்று கடமையாகச் சொன்னாள். அவர் என்ன பதில் சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

“துல்லியத்த வெச்சு என்ன பண்றதுங்க? மொதல்ல துணி எறங்கட்டும், டேமேஜ் அப்புறம் பாத்துக்கலாம். வேகம் போதும்.”

டெஸ்ட் நடந்தது. மயில்சாமி ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்புக்கரசிதான் அந்த ஆபீசிலேயே நிஜமாக டைப்பிங் தெரிந்தவள். ஹையரில் முதல் வகுப்பு. அவள் அழகாக அடித்தாள், தப்பு விழுந்த இடத்தில் நிறுத்தி அழித்துத் திருத்திவிட்டு மேலே போனாள், எழுபத்து நான்கு வந்தது. ஜெரோமுக்கு எழுபது. போன வருஷம் காலேஜ் முடித்துவிட்டு வந்த பூஜிதாவுக்கு அறுபத்தைந்து. ஒழுங்காக அடிக்கிறவர்கள் மூன்று பேரும் திருத்துவதிலேயே நேரத்தை விட்டார்கள். கடைசியாக உட்கார்ந்த சஃபியாவுக்குத் திருத்த என்று எதுவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிப் பத்தியைப் பார்த்தபடி பத்து விரலாலும் கொட்டித் தீர்த்தாள், நடு நடுவே பெருவிரலால் ஒரு இடைவெளியும் விட்டாள். தொண்ணூற்றொன்று.

“பாத்தீங்களா, கையி எப்படி ஓடுதுன்னு!” என்று மயில்சாமி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார். அன்று பன்னோடு பப்ஸும் வந்தது. சஃபியாவின் மேசையில் டீம் லீடர் என்று ஒரு பலகை ஏறியது. அவள் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். ஷாஹுலின் தம்பி பெண்டாட்டி ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள். அந்தக் கட்டைவிரலில் இருந்த வயிற்றெரிச்சலைப் பார்த்து சஃபியாவுக்கு அத்தனை சந்தோஷம்.

சந்தோஷம் புதன்கிழமை வரைக்கும் இருந்தது.

புதன்கிழமை மயில்சாமி கால்குலேட்டரோடு வந்தார். தறிக்காரருக்கு வேகம் என்றால் ஒரே அர்த்தம்தான். தறி நிமிஷத்துக்கு இத்தனை ஓட்டம் ஓடும் என்றால், ஷிப்ட் முடியும்போது இத்தனை மீட்டர் துணி இறங்கியாக வேண்டும். நூல் அறுந்தால் கொஞ்சம் குறையும், கரண்ட் போனால் கொஞ்சம் குறையும், மற்றபடி கணக்குக் கணக்குதான். நாலு பேருக்கும் சராசரி எழுபத்தைந்து. அதை மணிக்கு ஏற்றினார், எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கினார். தலைக்கு முப்பத்தாறாயிரம் வார்த்தை.

“இப்ப நாம எவ்வளவு எறக்கறோம்?”

“ஏழாயிரம் வருமுங்க சார்” என்றான் ஜெரோம்.

“அப்ப மீதி எங்கீங்க போச்சு?” என்றார் மயில்சாமி. கோபத்தோடுகூட இல்லை, திருட்டுப் போன வீட்டுக்காரர் மாதிரி பரிதாபமாகக் கேட்டார். மனுஷன் நாள் பூராவும் அப்படி அடிக்க முடியாது, படத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும், மங்கலான எழுத்தை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்புக்கரசி பணிவாக எடுத்துச் சொன்னாள். அவர் அதையும் பணிவாகவே கேட்டுக்கொண்டார். பெரிய மனசு பண்ணிப் பாதியாகக் குறைத்து, பதினெட்டாயிரம் என்று சுவரில் எழுதி ஒட்டினார். புதுக் கம்பெனிக்கும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பதினெட்டாயிரத்தை வாங்கிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு டீம் லீடருடையது.

அதற்கப்புறம் அந்த மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. டீ மேசையிலேயே ஆறியது. பூஜிதா பாத்ரூம் போகிற நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். அன்புக்கரசி மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலமானால் சஃபியா ஒவ்வொரு மேசையாகப் போய், “கண்ணு, இன்னும் ஆறாயிரம் பாக்கி இருக்குதே” என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இந்தப் பாவம் முழுக்கத் தன் தலையில்தான் என்று தெரியும். நாலாவதாகக் கிடைத்த அந்த நாணயமான சாஃப்ட்வேரை அழிக்காமல் இருந்திருந்தால் அன்புக்கரசியின் கையில் கட்டு இருக்காது. இதையெல்லாம் நினைத்து மனசு குமைந்தாலும், மேசையில் இருந்த பலகையைத் தினமும் காலையில் துடைத்துவைக்க அவள் மறக்கவில்லை.

இரண்டு வாரமாகியும் வேலை சொன்னபடி இறங்காததைப் பார்த்து அந்தப் பெரிய கம்பெனிக்குச் சந்தேகம் வந்தது. தங்களுடைய சொந்த டெஸ்ட் ஒன்றின் லிங்கை அனுப்பி, வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் இதில் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள் என்றார்கள். இதற்கும் காசு இல்லை. இதில் தப்பு எழுத்து விழுந்தால் ‘டொக்’ என்று சத்தம் வரும், அதைத் திருத்தும் வரை அடுத்த எழுத்துக்கு நகராது. அதை சஃபியா இரண்டு தடவை படித்தாள்.

வியாழக்கிழமை ஜெரோமும் அன்புக்கரசியும் அவளைக் கீழே பேக்கரிக்குக் கூட்டிப் போனார்கள்.

“அக்கா, நாளைக்கு நாங்க மூணு பேரும் மெதுவாத்தான் அடிக்கப்போறோம்” என்றான் ஜெரோம். “முப்பது, முப்பத்தஞ்சுக்கு மேல போறதில்லைன்னு பேசிட்டோம். அப்பத்தான் டார்கெட்டு எறங்கும்.”

“எங்கப்பா தறிக்குப் போறப்ப இப்படித்தானுங்கக்கா” என்றாள் அன்புக்கரசி. அவள் அப்பா காளிச்சாமி முதலில் காடு கழனியில் கூலி வேலைக்குப் போய், பிறகு பல்லடத்தில் தறி ஓட்டியவர். “சண்டையெல்லாம் போட மாட்டாங்க. மொதலாளிய மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எல்லாரும் சேந்து தறிய மெதுவா ஓட்டுவாங்க. ரெண்டு நாள்ல அவரே கூப்புட்டு, டீ வாங்கிக் குடுத்து, எவ்வளவுக்கு எறங்கோணும்னு கேப்பாரு. நீங்களும் மெதுவா அடிச்சுப்போட்டீங்கன்னா காரியம் முடிஞ்சுதுங்க. நீங்க ஒருத்தர் மட்டும் தொண்ணூறு காட்டுனீங்கன்னா நாங்க மூணு பேரும் மாட்டிக்குவோம்.”

“பாக்கலாங்கண்ணு” என்றாள் சஃபியா. இந்த ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும். ஜெரோம் முகம் வாடிப்போய் டீ கிளாசைப் பார்த்தான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சஃபியா கணக்குப் போட்டாள். மற்றவர்கள் முப்பதில் நிற்பார்கள். தான் உயிரைக் கொடுத்து எப்படியாவது முப்பத்தாறு, முப்பத்தேழு அடித்துவிட்டால் போதும். கம்பெனிக்காரர்களின் சாஃப்ட்வேர் கொஞ்சம் கறார் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்கள் வேண்டுமென்றே மெதுவாக அடித்தார்கள் என்று மயில்சாமியின் காதில் லேசாகப் போட்டுவைத்தால் பலகைக்கும் ஆபத்து இல்லை, ரகசியத்துக்கும் ஆபத்து இல்லை. அன்புக்கரசியின் கட்டுப் போட்ட கை நினைவுக்கு வந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, சாயங்காலம் முழுக்க மிஸ்பாவின் லேப்டாப்பில் பழகினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சொன்னபடி செய்தார்கள். பூஜிதா முப்பத்து மூன்று, ஜெரோம் முப்பத்தைந்து, அன்புக்கரசி முப்பத்து நான்கு. மயில்சாமியின் முகம் இறுகியது. அப்புறம் சஃபியா உட்கார்ந்தாள். மனசுக்குள் பிஸ்மி சொன்னாள். வாழ்க்கையில் எந்தக் காரியத்துக்கும் அவள் அப்படிப் பாடுபட்டதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு நுனியில் வேர்வை நிற்க, இரண்டு விரலாலும் ஒவ்வொரு எழுத்தாக வேட்டையாடினாள். டொக். டொக். டொக். அந்தச் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. நேரம் முடிந்ததும் திரையில் எண் வந்தது: பத்தொன்பது.

சஃபியா திரும்பிப் பார்த்தபோது பூஜிதா வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். ஜெரோமின் கண்ணில் இருந்தது பக்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

“உள்ள வாங்க அம்மணி” என்றார் மயில்சாமி.

அறைக்குள் டீயும் பப்ஸும் முன்னாலேயே வந்து காத்திருந்தன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் எதிரில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நானும் முப்பது வருசமா தறி ஓட்டறவனுங்க. தறிய மெதுவா ஓட்டறவங்களத் தெரியாதா எனக்கு? ஆனா அவிங்க கூட முப்பதோட நிறுத்திக்கிட்டாங்க. நீங்க பத்தொம்பதுக்கு எறக்கி மொகத்துக்கு நேரா சொல்லிப்போட்டீங்க. சரி, எவ்வளவுக்கு எறங்கோணும்னு சொல்லுங்க.”

பேரம் பேசுவதற்கெல்லாம் சஃபியாவிடம் தெம்பில்லை. முந்தின நாள் போட்ட கணக்கு ஒன்றும் நினைவில் இல்லை. ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

“சார், எனக்கு டைப்பிங் வராதுங்க. நெசமாலுமே வராதுங்க. ரெண்டு வெரல்லதான் அடிப்பேன். ஹையரெல்லாம் நான் எழுதவே இல்லீங்க.”

அழுதுவிட்டாள். மயில்சாமி பப்ஸ் தட்டு அதிரும்படி சிரிக்க ஆரம்பித்தார்.

“பத்து வெரலும் பறந்தத இந்தக் கண்ணால நான் பாத்தனுங்க! அடேயப்பா. கூட வேலை செய்யறவங்களுக்காகத் தனக்குத் தொழிலே தெரியாதுன்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன். எங்க தறிப்பட்டறைச் சங்கத் தலைவருங்ககூட இந்த அளவுக்குப் போனதில்லீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எட்டாயிரம். அதோட முடிச்சுக்கலாம். கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். டீம் லீடரு நீங்களேதான் இருக்கோணும். இப்படியாப்பட்ட ஆளு என் பக்கம் இருக்கறதுதான் எனக்கு நல்லது.”

“சார், நான் சொல்றது சத்தியமுங்க.”

“ஆமாமா, சத்தியந்தான். பப்ஸ் எடுத்துக்குங்க.”

வெளியே வந்தபோது செய்தி முன்னாலேயே போயிருந்தது. அந்த அறைக்குக் கதவு இருந்ததே தவிர, மயில்சாமியின் குரலுக்குக் கதவு இல்லை. சுவரில் இருந்த பதினெட்டாயிரத்தை ஜெரோம் கிழித்துக்கொண்டிருந்தான். அன்புக்கரசி ஓடி வந்து, கட்டுப் போட்ட கையோடேயே சஃபியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“பாக்கலாம்னு சொன்னப்ப உங்களத் தப்பா நெனச்சுப்போட்டனுங்கக்கா. மன்னிச்சுக்குங்க. எங்களுக்காக எம்புட்டுப் பெரிய கேவலத்த உங்க தலையில போட்டுக்கிட்டீங்க!”

“இல்ல கண்ணு, எனக்கு நெசமாவே டைப்பிங் வராது.”

“போதுங்கக்கா. சார்கிட்டச் சொன்னதையே எங்ககிட்டயும் சொல்லோணுமா?” என்று அழுதுகொண்டே சிரித்தாள் அன்புக்கரசி.

சொல்வதற்கு இன்னொன்று இருந்தது. காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது உங்கள் மூன்று பேரையும் காட்டிக்கொடுக்கத்தான் என்பது. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நம்பியிருப்பார்கள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சஃபியா வாயைத் திறந்தாள்.

“டீ ஆறிப்போவுது, எடுத்துக்குங்க” என்றாள்.